சாப்பிட்டாரா

குடியிருப்புக்குப் 'புது விடியல்' என்று பெயர் வைத்தவர்கள்
ஜனவரியில் வந்து கழி நட்டிருக்க வேண்டும்.
ஜூன் பிறந்துவிட்டால் லிமாவின் இந்த மணல்மேட்டில்
சூரியன் என்பது கேள்விப்பட்ட சங்கதி.
மழையும் கிடையாது.
மூடுபனி மட்டும் தகரத்தை நக்கிக்கொண்டிருக்கும்.
சனிக்கிழமை காயப்போட்ட போர்வை
செவ்வாய்க்கிழமையும் கனக்கும்.

செனோபியா ஏறுகிறாள்.
மஞ்சள் பெயின்ட் அடித்த படிகள் இருநூற்றுப் பதினெட்டு.
அதற்கு மேல் படி இல்லை,
பழைய டயர்களை மண்ணில் புதைத்திருக்கிறார்கள்.
தோளில் சுகாதார நிலையத்தின் நீலப் பை:
தடுப்பூசி அட்டைகள், தொங்கு தராசு,
சளி பிடிக்க மூடி போட்ட டப்பாக்கள் ஆறு,
ஒரு பாட்டில் தண்ணீர்.
மேட்டில் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை அவள்.
லாரித் தண்ணீர் ஒரு பீப்பாய் என்ன விலை என்று
கொடுத்துப் பார்த்தவள்.

முதல் வீட்டில்
குழந்தையைத் துணியில் கட்டித் தராசில் தூக்கினாள்.
போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது முள்.
தாய் முள்ளைப் பார்க்கவில்லை,
செனோபியாவின் முகத்தைப் பார்த்தாள்.

எடில்பெர்த்தோவின் பலகைக் கதவு மூன்றாம் நாளாக உள்தாழ்.
"நான்தான்."
"வேலைக்குப் போயிட்டேன்" என்றது
உள்ளிருந்து அவன் குரல்.

அவள் சிரித்துவிட்டாள்.
அவனும் சிரித்து, சிரிப்பு இருமலாகி,
இருமல் முடிய நேரமானது.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மெஷின், ஒரே ஜன்னல் உள்ள பட்டறையில்
ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைத்தவன்.
இருமலுக்குப் பெயர் தெரிந்த அன்று மாலையே
முதலாளி கணக்கை முடித்து அனுப்பினார்.

கதவு ஒரு சாண் திறந்தது.
"வெறும் வயித்துல போட்டா குடலைச் சுருட்டுது.
வாந்தியோட மாத்திரையும் வந்துடுது.
உங்க கட்டத்துல டிக் போட்டுக்குங்க, நான் சண்டைக்கு வரல."

கட்டம் சின்னது.
சாப்பிட்டாரா? ஆம். இல்லை.

அவர்களுடைய ஸ்பானியத்தில்
மாத்திரைக்கு ஒரு வினை, உணவுக்கு வேறு வினை.
படிவத்தில் இருப்பது மாத்திரையின் வினை.
இதைத் தமிழில் எழுதும் எனக்கு
இரண்டுக்கும் ஒரே சொல்தான் வாய்க்கிறது,
அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

செனோபியா நிற்கவில்லை.
பதினொரு டயர் இறங்கினாள்.
கீழே பொதுச் சமையல் கொட்டகை.
விறகுப்புகையில் கண் சிவந்த ஃபௌஸ்தினா
தன் இடுப்புயர அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கா?"
வரிசையில் நின்ற ஒருத்தி பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தாள்.
"பட்டியல்ல பேரில்ல. எழுபத்திரண்டு தட்டு, அளந்து வெச்சது."

"ரெண்டு மாசம் மருந்து ஓடின உடம்பு, இப்ப யாருக்கும் ஒட்டாது.
நிறுத்தினா ஒட்டும்.
அப்புறம் எழுபத்திரண்டு வீட்டுக்கும் நான்தான் ஏறணும்.
என் முழங்காலைப் பாரு, ஃபௌஸ்தினா."

ஃபௌஸ்தினா முழங்காலைப் பார்த்தாள்.
பிறகு அரை ஜாடித் தண்ணீரை அண்டாவில் ஊற்றினாள்.
எழுபத்து மூன்று.

அவன் வீட்டுக் கிண்ணத்தில்,
பாதி உருளைக்கிழங்கு, ஒரு கோழிக்கால், மற்றதெல்லாம் சூடு.
விரல் நகம்வரை உறிஞ்சித் தின்றான்.
பிறகு மாத்திரைகள், அவள் பாட்டில் தண்ணீரில்.
விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும், அது விதி.
முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை.
அவன் வாயைத் திறக்கும் முன்பே
அவள் பேனாவைத் தேடக் குனிந்துகொண்டாள்.

ஆம், என்று டிக்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில்:
சூப். கோழிக்கால் ஒன்று.

மாதக் கூட்டத்தில் ஓரங்களை யாரும் படிப்பதில்லை.
அந்த அரை ஜாடிக்கு யார் காசு என்று
நாளைக்கு ஃபௌஸ்தினா கேட்பாள்.
பதில் இன்னும் இல்லை.
முள் நகராத வீட்டுக்கும்
இந்தக் கொட்டகை வழியாகத்தான் போகவேண்டும்.

பையைத் தூக்கி மாட்டுகிறாள்.
பனியில் டயர்கள் வழுக்குகின்றன.