வெள்ளை மேகம்

அணைத்துவிட்டார்கள்.
வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு.
முப்பத்தோரு வருஷம் எரிந்த எரிவாயு
ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

அது போட்டது சத்தம் என்றே
அதுவரை எங்களுக்குத் தெரியாது.
நின்ற பிறகுதான் கேட்டது
நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பது.

தாரிலா மூன்று கூடை மரவள்ளித் துருவலோடு
குழிவிளிம்பில் நின்றாள்.
நெருப்பு கம்பெனியுடையது. வாடகை அவளுடையது,
காவல்காரனுக்கு நாளொன்றுக்கு இருநூறு நைரா.
இன்றைய காசு? என்றாள்.
அவன் சூரியனைக் காட்டினான்.

அன்றிரவு இருட்டு வந்தது,
எந்த வீட்டில் உட்காருவதென்று தெரியாத
தூரத்து உறவுபோல.
ஆரஞ்சு இரவையே கண்டிருந்த பெரேகெமே, ஏழு வயது,
கையை முகத்தருகே கொண்டுபோய்த் தேடி
காணோம் என்று அழுதான்.
கோழிகள் ஆறரைக்கே அடைந்துவிட்டன.
யார் சொல்லிக் கொடுத்ததோ.

முதல் மழைக்கு
முற்றத்தில் ஒரு வெள்ளைத் தட்டு வைத்தோம்.
காலையில் தட்டு வெள்ளையாகவே இருந்தது.
குடித்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் துணிவில்லை.
ஓடையில் எண்ணெய் அப்படியேதான் மிதக்கிறது,
அதை மூட ஒரு திருகு
இன்னும் செய்யப்படவில்லை போலும்.

பதினோராம் நாள் படகு வந்தது:
எட்டு சோலார் தகடு, ஒரு பேட்டரிப் பெட்டி,
ஒரு புகைப்படக்காரர்.
தகட்டு மூலையில் அதே கம்பெனியின் அதே சின்னம்,
சிவப்பாய் இருந்தது, பச்சையாகியிருக்கிறது.

இதில் மரவள்ளி காயுமா?
பொறியாளர் அக்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார்.
பல்பு எரியும், போன் சார்ஜ் ஏறும்,
தடுப்பூசிப் பெட்டி குளிரும்.
காயவைக்க இது போதாதம்மா.

ஒரு வாரம் தாரிலா தகடுகளைச் சுற்றி வந்தாள்,
சந்தையில் ஆட்டைச் சுற்றுவதுபோல.
ஒருநாள் உச்சிவெயிலில் உள்ளங்கையை வைத்தாள்.
சட்டென்று எடுத்தாள்.
மறுபடி வைத்தாள்.

தடுப்பூசிக்கு இரண்டை விட்டுவிட்டாள்.
மற்ற ஆறிலும் பரப்பினாள்,
விரல் தடிமனுக்கு, ஓரம் சிந்தாமல்.
மாலைக்குள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.
பழைய புகைவாடை இல்லை என்று
வாங்குகிறவர்கள்தான் குறைப்பட்டார்கள்.

போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து அக்பனின் போன்:
பகலில் மின்சாரம் விழுந்துவிடுகிறதே,
அங்கே என்ன ஆச்சு?

மேகம், என்றேன்.

இந்த மாதத்திலா? என்ன மேகம்?

தாரிலா கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளையாக, என்றேன்.
தினமும் பதினொரு மணிக்கு வரும்.