போயா நாள்

கடை பூட்டு. கலண்டரில் சிவப்பு வட்டம்.
நான் உள்ளே வெறும் போத்தல்களை எண்ணிப்
பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.
காலமை ஒன்பதுக்கு
பின்பக்கத் தகரத்தில் தட்டுகிற சத்தம்.

மண்டூரிலிருந்து பாதையேறி
குருமண்வெளித் துறையில் இறங்கி வந்திருக்கிறான்.
சிவில் சேட்டுத்தான்.
நெற்றியில் தொப்பி விட்டுப்போன வெள்ளைக் கோட்டை
எந்தச் சேட்டு மறைக்கும்?
என் கடன் கொப்பியில் அவன் பெயரே 'கோடு'.
'பல்லன்' இருக்கிறான், 'நீல மணிக்கூடு' இருக்கிறான்.
கேட்டால் பெயர் சொல்லுவானுகள்.
நான் கேட்பதில்லை.
பெயர் தெரிந்தவனிடம் காசு கேட்க வாய் வராது.

"அண்ணே, கால்."
அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.
மறுகா "நாளைக்கு" என்பான், அது கடன்.
"போயா" என்றேன்.
"தன்னவா" என்றான். தெரிந்துதான் வந்திருக்கிறான்.

மூன்று தீக்குச்சி முறிந்தது.
நாலாவதை நான் கிழித்துப் பிடித்தேன்.
இந்தக் கையிலா துவக்கைக் கொடுத்துச் சென்றியில் நிறுத்துகிறார்கள்?

தை மாதம் முதன்முதல் வந்தபோது சோடா கேட்டவன்.
கூட வந்த மூத்தவன் சிரித்தான்.
கல்லாவுக்குள் இருந்து நானும் சிரித்தேன்.
மிச்சக் காசில் இருபது ரூபா குறைத்தேன்.
அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

என் தம்பி துவக்குத் தூக்கியதும் இந்த வயதில்தான்.
அங்கே குடிக்க மட்டும் விடமாட்டார்கள்.
மற்ற எல்லாத்துக்கும் விட்டார்கள்.

வெறும் பெட்டியில் இருந்தான்.
எழும்பிக் கானுக்குள் சத்தியெடுத்தான்.
பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்தான்,
பாதி சேட்டில்.
மூன்று நாள் லீவாம். வீட்டுக்குப் போகவில்லை.
போனில் படம் காட்டினான்:
சியம்பலாண்டுவப் பக்கம், பூசாத கல்சுவர்,
நிலை வைத்திருக்கு, கூரை இல்லை,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு தங்கச்சி.
அந்தக் கூரையில் பாதி
என் கொப்பிக்குள் கிடக்கு.

போகும்போது, கேளாமலே,
நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்: "இந்துவர."

இரவு கொப்பியைத் திறந்து
'கோடு' என்றதை வெட்டி அந்தப் பெயரை எழுதினேன்.
தொகையை வெட்டவில்லை.

மறுநாள் ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
முதல் ஆள் அவன்தான்.
கம்பி வலைக்குள்ளால் காலை நீட்டினேன்.
மிச்சக் காசை
சரியாக எண்ணிக் கொடுத்தேன்.