மூன்று நிமிடம் பதினொரு நொடி

கரைச்சல் என்று ஒரு குழு.
பேரைக் கேட்டதுமே அம்மா சொன்னாள்:
"பொருத்தமாத்தான் வெச்சிருக்கானுங்க."
பட்டர்வொர்த்துப் பையன்கள் ஐந்து பேர்,
ஒரே ஒரு சிடி, ஏழு பாட்டு.
அப்புறம் ஒருவர் ஜோகூருக்கு, ஒருவர் வங்கிக்கு,
மற்றவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

லெபோ பாசாரில் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தேன்.
முதல் சம்பளம்.
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்டு எனக்கு,
நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச்
சில்லுகளில் கீறல் தேட வேண்டும்.
தேடித் தேடிக் காதும் அப்படியே ஆகிவிட்டதோ என்னவோ,
நான்காம் பாட்டில்
மூன்று நிமிடம் பதினொரு நொடியில்
ஒரு கிரீச்
எனக்கு மட்டும் கேட்டது.

நாற்காலி என்று முடிவு செய்தேன்.
சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே
தபேலாக்காரர் காலை மாற்றிப் போட்டிருப்பார்.
தொழிற்சாலை பஸ் பாலத்தில் ஏறும்போது
அந்தப் பாட்டு வரும்படி கணக்குப் பண்ணி அமுக்குவேன்.
கிரீச் வரும். கீழே கடல் இருக்கும்.
மேஸ்திரி திட்டியது, பீரோவில் மடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை,
எல்லாம் அந்த ஒரு நொடி
காலை மாற்றிப் போட்டுக்கொள்ளும்.

புத்தகத்திலும் எனக்கு இதே வியாதி.
நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த நாவல்,
பின்னட்டை இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரோ பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்:
'அவள் குடையை மறக்கவில்லை, விட்டுவிட்டுப் போனாள்.'
மூன்று நாள் தூக்கம் போனது.
பிறகு கடையில் புதுப்பிரதி வாங்கினேன்.
அதே பக்கம், அதே வரி,
குடையைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டேன்.
பென்சிலெடுத்து நானே கோடு போட்டேன்.
நேராக வந்தது.
அந்தப் பழைய கோடு நடுங்கியிருந்தது.

பத்தொன்பது வருஷம் கழித்து
ஒரே ஒரு ராத்திரிக்கு ஐவரும் கூடுகிறார்களாம்.
டிக்கெட் எண்பத்தெட்டு வெள்ளி.
வருகிறேன் என்ற கோமளவேணி வரவில்லை,
அவள் நாற்காலியில் என் பை உட்கார்ந்தது.
எட்டு மணி என்றார்கள், ஒன்பதாகியும் மைக்குச் சோதனைதான்.
கைப்பேசி வெளிச்சத்தில் நாவலைத் திறந்தேன்.
பக்கத்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"பரீட்சையா மா?"

வந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை.
பாடகர் கண்ணாடி போட்டிருந்தார்.
முதல் பாட்டிலேயே அரங்கம் எழுந்துவிட்டது,
நானும் எழுந்தேன், கத்தினேன்,
அழுதேனா என்பது வேறு விஷயம்.
நான்காம் பாட்டு.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று பத்து.
மூன்று பதினொன்று.
ஒன்றுமில்லை.
சுத்தமாக, வழுக்கிக்கொண்டு, அடுத்த சரணம்.
ஊரே கைதட்டுகிறது,
நான் மட்டும் மீதிச் சில்லறை குறைந்தவள் மாதிரி
நிற்கிறேன்.

வெளியே மீ கோரிங் வண்டியோரம்
புல்லாங்குழல் அமிர்தநேசன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கேட்டே விட்டேன்.
"அந்த நாற்காலி யாருடையது அண்ணே?"
முள்கரண்டியைக் கீழே வைத்தார்.
"நாற்காலியா? கதவும்மா அது!
டியூசன் சென்டர் மாடியில ரெக்கார்டிங்.
கீழ்க்கடைப் பையன் தே கொண்டாந்தான்.
திரும்பப் பாட இன்னொரு மணி நேரத்துக்குக் காசில்ல,
அப்படியே விட்டாச்சு."
சிரித்தார். மிளகாய் புரையேறியது.

கடைசி ஃபெரியில் காதில் மாட்டினேன்.
கிரீச் வந்தது.
கதவுதான். இனி எத்தனை முறை கேட்டாலும் கதவுதான்.
என் தபேலாக்காரர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.
அந்தப் பென்சில்கூட
பஸ் குலுங்கியதில் இழுபட்ட கோடாக இருக்கலாம்.
இருக்கட்டும்.

அதற்கடுத்த சரணத்தில்
பாடகர் கொஞ்சம் வேகமெடுப்பார்.
பிரிவின் தவிப்பு என்று
பத்தொன்பது வருஷம் நம்பியிருந்தேன்.
தே ஆறிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐந்து கிளாஸா ஆறா என்று
கேட்க மறந்துவிட்டேன்.