இருபத்து மூன்றாம் பலகை

கெமண்டைன் பள்ளிக்கூட மண்டபத்தில்
மேசைகளை லாடம்போல் வளைத்திருந்தார்கள்.
உள்ளே அவர் ஒருவர். வெளியே நாங்கள் இருபத்து நான்கு பேர்.
பல்கேரியாவிலிருந்து வந்தவர், நல்ல உயரம்.
பலகை பலகையாய்க் குனிந்து குனிந்து
முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் துறைமுக ஆபீஸ் கோ தெய்ன் மௌங்,
புத்தகம் படித்துவிட்டு வந்தவர்.
என் படிப்பெல்லாம் பஸ் டிப்போவில்,
வண்டி நிற்கிற இடைவேளையில்,
டிரைவர்களோடு பர்மியப் பலகையில்.
அங்கே யானை ஓரடிதான் வைக்கும்,
குறுக்கே நாலு பக்கம், முன்னால் ஒன்று.
நாலு கால், ஒரு துதிக்கை என்பார்கள்.
இங்கேயோ ஒரே மூச்சில் ஊரைக் கடக்கிறது.
அதைத் தொடவே கை பயந்தது.

அவர் ஒரு சுற்று வருவதற்குள்
ஒரு வெற்றிலை மென்று முடிக்கலாம்.
பிறகு ஆட்கள் எழ ஆரம்பித்தார்கள்.
கைகுலுக்கல். நாற்காலி இழுபடும் சத்தம்.
கண்டக்டருக்குத் தெரிந்த கணக்குதான்:
ஆள் இறங்க இறங்க வண்டி வேகமெடுக்கும்.
பதினைந்து பேர். ஒன்பது.
வெற்றிலை பாதி வாயில் இருக்கும்போதே
அவர் பெல்ட் என் கண்ணெதிரே.
தோற்றவர்கள் போகும்போது
என் நேரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோ தெய்ன் மௌங் எழுந்து
"நீங்களாவது..." என்று சொல்ல வந்து
செருப்பைத் தேடப் போய்விட்டார்.

மூன்று பேர்.
அவர் ராணி என் சிப்பாயைத் தின்றுவிட்டு நின்றது,
அதன் முதுகுக்குப் பின்னால் ராஜா.
மூலையில் மூன்று மணி நேரம் தூங்கிய யானை
அப்போதுதான் என் கண்ணில் பட்டது.
ஒரே கோடு. நடுவில் ஒருவருமில்லை.
அவர் திரும்பி வந்ததும் தள்ளினேன்.
ரைட், போகலாம் என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த பலகைக்கு அவர் போகவில்லை.
சுவரோரமிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு
எனக்கு எதிரே உட்கார்ந்தார்,
மாலை முழுக்க நின்றவர்.

நடந்தது அதுதான்.
பிறகு ராஜாவைச் சாய்த்தது, கை கொடுத்தது எல்லாம்
ஸ்டாப் தாண்டிக் கிழித்த டிக்கெட்.

தாளில் கையெழுத்துக் கேட்டார்.
வீட்டில் ஆளவந்தான், அட்டையில் மியோ தான்.
இரண்டையும் எழுதினேன்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
அவர் பெயர்மேல் ஏறிக்கொண்டது.

மறுநாள் பேப்பரில்
இருபத்து மூன்று வெற்றி, ஒரு தோல்வி.
யாரிடம் என்று இல்லை.
காலை ஐந்தரை வண்டியில்
ஒருவர் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்திருந்தார்.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
டிக்கெட் என்றேன்.
நிமிராமல், பாஸ் என்றார்.