ஆறாவது எண்

பசுண்டாங் சந்தை முனையில்
ஒரு மேசை, மூன்று தொலைபேசி,
மழைக்குக் குடை, என் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
விலை அட்டை பர்மிய எழுத்தில்.
அடியில் தமிழிலும் எழுதி வைத்தேன்,
கேட்கிறவர் குறைந்துவிட்டாலும்.

ரங்கூனுக்குள் நிமிடம் நூறு கியாட்.
பூஜ்யம் ஒன்பது என்று தொடங்கினால் கைபேசி:
எடுக்கிறவன் பணக்காரன்,
இரட்டிப்பாய்க் கொடுக்கிறவன் நீ.
மண்டலே பூஜ்யம் இரண்டு.
பெகு ஐம்பத்திரண்டு.
மோல்மேன் ஐம்பத்தேழு, நிமிடம் முந்நூறு.
வெளிநாடு கேட்காதீர்கள்,
அந்தக் காசுக்கு அரை மூட்டை அரிசி வரும்.

எனக்கு ஆட்களை இப்படித்தான் தெரியும்.
ஐம்பத்தேழுக்காரர்கள்
செய்தியை வாயிலேயே மடித்துக்கொண்டு வருவார்கள்:
அம்மா சுகம், பணம் வந்தது, வைக்கிறேன்.
நூறு கியாட்காரிகள்
நேற்று வைத்த குழம்பிலிருந்து தொடங்குவார்கள்.

செங்கமலம் வந்தபோது தூறல்.
கன்னத்தில் தனாக்கா கரைந்து
ஒரு பக்கம் மட்டும் மஞ்சள்.
கைக்குள் சுருட்டிய மூவாயிரம்,
சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு எண்.

"மோல்மேன் போடுங்க. ரப்பர் தோட்டம்.
பதினைந்து நாளைக்கு ஒருக்கா
எதிர்த்த டீக்கடைக்குப் பேசுவார்.
கடைக்காரர் புதுசா ஒரு போன் வாங்கியிருக்கார்,
பேசுறவங்க நம்பர் கண்ணாடியில தெரியுது.
இது அவர் நம்பர்."

ஐம்பத்தேழை முன்னால் சேர்த்து
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
ஆறாவது எண்ணுக்கு விரல் போகும் முன்பே
அங்கே மணி அடித்தது.

எடுத்தவர் யாரோ கிழவர், தூக்கக் குரல்.
"வீரபத்திரனா? அப்படி யாருமில்லை மகளே."
பதினெட்டு விநாடி.
ஒரு நிமிடமாய்த்தான் கணக்கு, முந்நூறு.

"தப்பா அழுத்திட்டீங்க" என்றாள்.
இல்லை, தப்பாக அழுத்தவில்லை.
மோல்மேனில் ஐந்து இலக்கம்தான்.
ஆறு இலக்கம் இருப்பது இங்கே.
இந்த மேசையின் மூன்று போனுக்கும் ஆறு.
அவள் கையிலிருந்த அட்டையிலும் ஆறு.

இரண்டு தரம் எண்ணினேன்.
ஒரு எண்ணை ஒன்றும் ஏழுமாய்
யாராவது பிரித்து எழுதியிருக்கலாம் என்று பார்த்தேன்.
குழந்தைக் கையெழுத்து, ஆனால் தெளிவாக இருந்தது.

லைன் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
மழை நாளில் யாரும் நம்புவார்கள்.
பின்னால் ஒருவர் காத்திருந்தார், இருமினார்.
முன் எண் போடாமல்
ஆறையும் அழுத்தி
ரிசீவரை அவளிடம் நீட்டிவிட்டேன்.

"ஹலோ" என்றாள்.
பிறகு பர்மிய மொழியில், மெதுவாக, அவர் பெயரை.
பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள்.
நான் முள்ளைப் பார்த்தேன்.
முள்ளைப் பார்ப்பது என் வேலை.

நாற்பது விநாடி. வைத்துவிட்டாள்.
"வெளியே போயிருக்காராம்.
சாப்பாட்டுக்கு வந்திருவாராம்.
யார் பேசுறதுன்னு கேட்டாங்க, சொல்லலை."

முன்னதற்கு முந்நூறு, இதற்கு நூறு.
இதையும் முந்நூறாக எடுத்துக்கொண்டால்
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
இருநூறு கியாட்டுக்குத் திருடனாகலாமா என்று
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து அறுநூறைத் திருப்பி வைத்தேன்.
எண்ணினாள்.
அட்டையை நிமிர்ந்து பார்த்தாள், தமிழ் வரியை.
"மோல்மேன் ரேட்டு குறைஞ்சிருச்சா?"

குடைத்துணியில் மழை சத்தமாய் விழுந்தது,
காது கேட்காத மாதிரி இருக்கலாம்.
"இல்லம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள்.
இருமியவர் நகர்ந்து வழிவிட்டார்.
நோட்டுகளை முந்தியில் முடியவில்லை,
கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இந்த ஆறு நம்பர்ல
முதல் ரெண்டைப் பார்த்தா
எந்தப் பேட்டைன்னு சொல்வீங்களாமே?"

சொன்னேன்.

"அங்க எந்த பஸ் போகும்?"