நாலாம் சாமத்துக் கோல்

ராத்திரி பத்து மணிக்கு என் கையில் ஒரு கோல் தருகிறார்கள்.
ஒரு சாண் நீளம், இரும்பு, உள்ளே கடிகாரம்.
மதிலோரம் பதினான்கு இடங்களில்
சுவரில் பதித்த பொத்தான்களை அது தொட வேண்டும்.
தொட்டால் டிக்.
டிக் என்றால் நான் அங்கே இருந்தேன்.
டிக் இல்லையென்றால்
நான் பிறக்கவே இல்லை என்பதுபோல் பேசுவார் மேனேஜர்.

தேவனாம்பட்டினத்துக் கல்லூரியில் சரித்திரம் படித்தவன் நான்.
ரோமப் படை வரும் தாளில் மட்டும்
இரண்டு முறை கோட்டை விட்டேன்.
அதனாலோ என்னவோ அது மட்டும் மறக்கவில்லை.

நூற்றுவர் அணி என்று பெயர். எண்ணினால் எண்பது.
(சிரிக்காதீர்கள். எங்கள் பதிவேட்டில் பத்துப் பேர்,
ஆள் எட்டு.)
எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு திரிகைக் கல்,
சுமக்க ஒரு கோவேறு கழுதை.
எங்களுக்கு ஈச்சங்காட்டில் ஓர் அறை, ஒரு குக்கர்,
பாவாடைராயனின் மொபெட்.
பாய் ஐந்துதான்.
மூவர் எப்போதும் மதிலோரம் என்பதால் போதும்.
கழுதையாவது ரயில்வே மேம்பாலத்தில்
இறங்கித் தள்ளச் சொல்லியிருக்காது.

இரவை அவர்களும் நாலாகத்தான் வகுத்தார்கள்,
நம் சாமக் கணக்கைப் போல.
யார் யாரிடம் கற்றது என்று
கேட்காத கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன்;
மதிப்பெண் இல்லை.

அந்தி சாய்ந்ததும் மரப்பலகையில் ஒரு சங்கேதச் சொல் எழுதி
அணி அணியாகக் கைமாற்றுவார்கள்.
இருட்டுமுன் பலகை திரும்பி வந்தாக வேண்டும்.
எங்களுக்குப் பலகை வேண்டியதில்லை.
எல்லா ராத்திரிக்கும் ஒரே சொல்:
"சாப்ட்டாச்சா?"
ஒடிசாவிலிருந்து வந்த திகம்பர்
முதலில் கற்ற தமிழும் அதுதான்.

சாமத்துக்கொரு குதிரைக்காரன் சுற்றி வருவான்.
விழித்திருப்பவன் கையிலிருக்கும் சீட்டை வாங்கிக்கொள்வான்.
விடிந்ததும் சீட்டு குறைந்தால்
எந்த முனை தூங்கியது என்று தெரிந்துவிடும்.
தூங்கியவனைத் தளபதி ஒரு கோலால் லேசாகத் தொடுவான்.
அவ்வளவுதான் அவன் வேலை.
மிச்சத்தை,
ஒரே சட்டியில் கஞ்சி குடித்த கூட்டாளிகள்
கல்லும் தடியும் கொண்டு முடிப்பார்கள்.

மூன்று பத்து.
உப்பனாற்றுப் பக்கம், நாலாம் நம்பர் கேட்.
நாற்காலியில் தெய்வசிகாமணி.
தலை ஒரு தோளில், வாய் திறந்து, தொப்பி மடியில்.
டார்ச் அடித்தேன். அசையவில்லை.

அந்தக் குதிரைக்காரன் என்றால்
சாட்சிக்கு ஆள் கூப்பிட்டிருப்பான்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
கம்பத்து உச்சியில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை
செத்த மீனாகத் தொங்கியது.
மூக்கை விரித்து இழுத்தேன்:
ஆற்றுச் சேறு, கொஞ்சம் அழுகிய முட்டை,
எப்போதும் போல.
எப்போதும் போலத்தானா?

இந்த மதிலுக்குள் கண்மூடிக் கிடப்பவனைப் பார்த்தால்
முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்:
தூங்கத்தான் தூங்குகிறானா.

கை நீளவில்லை. கோல்தான் நீண்டது.
இரும்பு நுனியை அவன் சட்டைப் பொத்தானில் வைத்தேன்,
லேசாக.
சட்டைப் பொத்தான் டிக் சொல்லாது.
தூரத்தில் முதுநகர் ஸ்டேஷனைத் தாண்டி
ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது,
அதற்கு முடிவே இல்லை.
பிறகு கோல் மெல்ல உயர்ந்தது.
தாழ்ந்தது.
உயர்ந்தது.

கண் திறக்காமலே சொன்னான்:
"சாப்ட்டேண்ணா."

காலையில் மேனேஜர் தாளை நீட்டினார்.
பன்னிரண்டாம் பொத்தானில் நாலு நிமிஷம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து காத்தே இல்லையேப்பா" என்றார்.
"ஆமாம் சார்" என்றேன்.