எழுபத்தொன்று

புதுப்பிக்கவா என்று கேட்டது சாயங்காலம்.
ஒய் அடித்தேன்.
பழைய கெர்னல்களை நீக்கவா என்றது.
டிஸ்கில் இடம் மிச்சமாகுமே என்று
அதற்கும் ஒய்.
எதிர்க்கடையில் ரசவடை தின்றுவிட்டு வந்து
ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

சின்னச் சக்கரம் சுற்றியது, நின்றது.
பிறகு கறுப்பு.
அணைந்த கறுப்பு இல்லை.
உற்றுப்பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால்
சாம்பல் வெளிச்சம்.
ஃபேன் ஓடுகிறது. டிஸ்க் கறகறவென்கிறது.
உள்ளே ஆள் இருக்கிறது,
கதவு திறக்க வரவில்லை.

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒன்பது மணிக்கு ஷட்டர் விழும் வரிசையில்
என் கடை மட்டும் பாதி திறந்து கிடந்தது.
மைதாப்பசை வாளியோடு ததேயு.
"எக்கா, அறுபது ஷீட்டு. கோடிமுனை வரை ஒட்டணும்.
பசை கட்டியாயிரும், கேட்டியளா."

சிலுவைமரியான். வள்ளத்து எஞ்சின் பார்ப்பவர்.
நாளை நாலரைக்கு அடக்கம்.
மகள் பெனிட்டா மதியம் வந்து,
வயது பதினேழு என்று நான் அடித்து வைத்ததைப் பார்த்து
அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.
திருத்தினேன்.
திருத்தியதைச் சேமித்தேனா?
அதுதான் ஓர்மை இல்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
கறுப்பில் வெள்ளை எழுத்து முளைத்தது.
பெயர் கேட்டது, சொன்னேன்.
பாஸ்வேர்ட் கேட்டது.
அடிக்க அடிக்க ஒரு புள்ளிகூட விழாது,
விழுகிறது என்று நம்பித்தான் அடிக்க வேண்டும்.

தோண்டிப் பார்த்ததில் சங்கதி இவ்வளவுதான்:
கெர்னல் புதுசு, கிராபிக்ஸ் டிரைவர் பழசு.
புதுசுக்குத் தக்க அதைக் கட்டியெழுப்ப
ஹெடர் ஃபைல்கள் வேண்டும். இறங்கவில்லை.
பழைய கெர்னலில் ஏறிக்கொள்ளலாம் என்றால்
அதைத்தான் சாயங்காலம் நானே
வழியனுப்பி வைத்தேன்.
போனில் இன்றைய டேட்டா தீர்ந்துபோச்சு.
பன்னிரண்டு அடித்தால்தான் அடுத்தது.

"ஒண்ணும் தெரியாம எப்பிடிக்கா பிரிண்டு?"
பிரிண்டருக்குத் திரை வேண்டாம் மக்கா,
ஃபைல் கிடக்கிற இடம் சொன்னால் போதும்.

ஆனால் வயது.

பிடிஎஃப்பைப் பிழிந்து
எழுத்தை மட்டும் கொட்டச் சொன்னேன்.
இந்த வெறுந்திரைக்குத் தமிழ் தெரியாது.
கண்ணீர் அஞ்சலி, சதுரம் சதுரமாக.
பேர் சதுரம். ஊர் சதுரம்.
மனைவி, மக்கள், மருமக்கள், ஒன்பது பேரப்பிள்ளைகள்
வரிவரியாகச் சதுரம்,
ஏலம் முடிந்து அடுக்கிய காலி மீன்பெட்டிகள்.
இடையே எண்கள் மட்டும் எண்களாக:
4.30
ஒரு போன் நம்பர்
71

"கொள்ளாம்" என்றான் ததேயு,
என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து.

ஒரே வரி அடித்தேன். ஏ-த்ரீ, அறுபது பிரதி.
பிரிண்டர் கொஞ்சநேரம் யோசித்தது, இருமியது.
எங்கள் மெஷினில் தாள் குப்புறத்தான் விழும்.
முதல் தாளைத் திருப்பினேன்.
மீசை. சட்டைப்பையில் டெஸ்டர்.
யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டிய படம்,
அவர் தோளில்
வெட்டுக்குத் தப்பிய நாலு விரல்கள்.
அழிக்க நினைத்திருந்தேன், விட்டுப்போச்சு.
"கெடக்கட்டும்க்கா" என்று வாளியைத் தூக்கினான்.

பன்னிரண்டு தாண்டி நாலு நிமிஷம்.
போனை வயரில் கட்டி ஹெடரை இறக்கினேன்.
டிரைவர் தன்னைத்தானே கட்டிக்கொள்ள எட்டு நிமிஷம்,
அதுவரை விரலில் ஒட்டிய டோனரைச் சுரண்டினேன்.
ரீஸ்டார்ட்.
சக்கரம்.
சக்கரம்.
வந்தது,
ஓரமெல்லாம் ஐகான் சிதறிய என் பழைய குப்பைமேடு.

இன்னும் தேவைப்படாதவை பதினொன்று இருக்கின்றன,
நீக்கவா என்றது.
ஒய்யின் மேல் போய் உட்கார்ந்த விரலை எடுத்து
என் அடித்தேன்.

ஷட்டரை இறக்கும்போது எதிர்ச்சுவரில்,
கொஞ்சம் கோணலாக,
பசை ஈரம் காயாமல்
அந்த நாலு விரல்கள்.